பழைய காரின் பாகங்கள்: எதைச் சுத்தம் செய்வது, எதை மாற்றுவது?

நுவரெலியா, ஹட்டன் பக்கம் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நண்பர்களைச் சந்திக்கும்போதெல்லாம் அண்மைக் காலமாக ஒரே கேள்விதான் காதில் விழுகிறது. "மொரிஸ் மைனர் சாமான் கேட்டு ஆள் வருகிறது. பழைய லேண்ட்ரோவருக்கும் வருகிறது. இந்த வியாபாரத்தில் இறங்கலாமா?" என்று கேட்கிறார்கள். இறங்கலாம் என்பதே என் பதில். ஆனால் பழைய வாகனத்தைப் புதுப்பிக்கும் தொழில், சாதாரண ரிப்பெயார் வேலையைப் போன்றதல்ல. இதில் இலாபமும் நட்டமும், சில வேளைகளில் மனித உயிரும், ஒரேயொரு தீர்மானத்தில்தான் தங்கியிருக்கின்றன. கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்ததும், இதைச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டுவதா, திருத்துவதா, புதியது போடுவதா என்ற தீர்மானம்தான் அது. அதைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன்.

மலையகத்தில் ஏன் இத்தனை பழைய வாகனங்கள்?

தோட்டத்துரைமார் காலத்தில் பங்களாவுக்கு ஒரு கார், தோட்டப் பாதைக்கு ஒரு லேண்ட்ரோவர் என்று இருந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைக்காரத் துரைமார் ஊர் திரும்பியபோது வாகனங்கள் பல இங்கேயே கைமாறின. 1977க்கு முன்பு மூடிய பொருளாதாரம் என்பதால் புதிய வாகனம் இறக்குமதி செய்வது எளிதாக இருக்கவில்லை. கையில் இருப்பதைத் தட்டிக் கொட்டி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எமது டிங்கரிங் பாஸ்மாரின் கைத்திறன் அந்த நெருக்கடியில்தான் வளர்ந்தது.

நுவரெலியாவுக்கு மோட்டார் பந்தயப் பாரம்பரியமும் உண்டு. மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஏப்ரல் வசந்த காலம் வந்தால் பழைய கார்களின் சத்தம் அந்த ஊருக்குப் புதிதல்ல.

அண்மைக் கதை எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. திறந்த பின்னும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் விலை சாதாரண மனிதனின் கைக்கு எட்டுவதாக இல்லை. இதனால் கொட்டகைகளில் தார்ப்பாய் மூடிக் கிடந்த வாகனங்களை உரிமையாளர்கள் வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் ஹோட்டல் விருந்தினரை அழைத்துச் செல்வதற்கும் பழைய கார்களுக்குக் கிராக்கி இருக்கிறது.

இந்தத் துறையில் நாம் சாதாரண ஆட்களும் அல்ல. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், இலங்கையரான தனபால சமரசேகரவுடன் சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் இங்கே ஒரு முயற்சியைத் தொடங்கினார். இலங்கைக் கைவினைஞர்கள் தயாரித்த மைனர் பாகங்கள், அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாகின. வெளிநாட்டுச் சந்தை மதித்த திறமை எம்மவரிடம் உண்டு என்பதற்கு இது சாட்சி.

மூன்று கூடைகள்

நான் என்னிடம் ஆலோசனை கேட்கும் கராஜ்காரர்களிடம், வாகனத்தைக் கழற்றத் தொடங்குமுன் மூன்று கூடைகளை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

முதல் கூடை, கேள்வியின்றி மாற்ற வேண்டியவை. பிரேக் ரப்பர்கள், பிரேக் ஹோஸ்கள், பிரேக் எண்ணெய், டயர், பெற்றோல் ஹோஸ், துணி சுற்றிய பழைய வயர்கள் எல்லாம் இதில் சேரும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரேக் ஹோஸ் வெளியே கறுப்பாகப் பளபளக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

இரண்டாவது கூடை, அளந்து பார்த்துத் திருத்த வேண்டியவை. எஞ்சின், காபரேட்டர், ரேடியேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர், வீல் சிலிண்டர் போன்றவை. இங்கே கண் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அளவுகோல் சொல்ல வேண்டும். உதாரணமாக, வீல் சிலிண்டரின் உட்சுவர் இலேசாகக் கறைபட்டிருந்தால் தேய்த்து எடுக்கலாம். குழி விழுந்திருந்தால் புதிய ரப்பர் போட்டாலும் கசியும். லேத்தில் கொடுத்து உட்குழாய் போட வேண்டும், அல்லது புதியது வாங்க வேண்டும்.

மூன்றாவது கூடை, சுத்தம் மட்டும் செய்து காப்பாற்ற வேண்டியவை. மீற்றர்கள், சின்னங்கள், கண்ணாடி, கதவுப் பிடி, ஸ்டியரிங் வளையம், ஆசனத் தோல், தயாரிப்பாளரின் தகடு ஆகியன. வாகனத்தின் பெறுமதி இவற்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. புதிய எஞ்சின் பாகம் போட்டதற்காக எந்த வாடிக்கையாளரும் விலையைக் குறைப்பதில்லை. பழைய மீற்றரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டினால் குறைப்பார். பெரும்பாலான கராஜ்களில் நான் காண்பது இதற்கு நேர்மாறானது. மீற்றரையும் பம்பரையும் புதிதாக்கச் செலவழிக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத பிரேக் ஹோஸில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இறக்கப் பாதையும் பிரேக்கும்

கொழும்பில் ஓடும் காருக்குச் சொல்லும் கணக்கு மலையகத்துக்குப் பொருந்தாது. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக றம்பொடைக்கு இறங்கினாலும் சரி, ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கினாலும் சரி, பிரேக் தொடர்ந்து சூடேறிக்கொண்டே இருக்கும்.

பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டொட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அந்தத் தரம் கேட்கும் அளவு 155 பாகை மட்டுமே. டொட் 3 எண்ணெயில் இவை முறையே 205, 140. வருடத்தில் பாதி நாள் பனிமூட்டமும் மழையுமாக இருக்கும் ஊரில், பல வருடம் மாற்றாத எண்ணெயின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், எனவே பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. மைனர் போன்ற பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் போனால் எல்லாம் போய்விடும்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே செஸிக்குள் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் மட்டம் பார்க்கவே தரைவிரிப்பைத் தூக்க வேண்டும். அதனால்தான் பலர் பார்ப்பதில்லை. புதுப்பிக்க வரும் எந்த மைனரானாலும் அதை வெளியே எடுத்துப் பிரிக்காமல் வாகனத்தைக் கையளிக்க வேண்டாம்.

சுத்தம் செய்யும் பொருளிலும் கவனம் வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கராஜில் பிரேக் ரப்பர்களை மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டியதைக் கண்டேன். எச்சரித்தேன், "காலங்காலமாக இப்படித்தான் செய்கிறோம்" என்றார்கள். மூன்று வாரத்தில் ரப்பர் வீங்கி, பிரேக் இறுகி, இறக்கத்தில் சூடேறி, அந்த வாகனம் தேயிலைச் செடிகளுக்குள் ஏறி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், கிரீஸ் எதுவும் இந்த ரப்பர்களில் படக்கூடாது. மெதிலேட்டட் ஸ்பிரிட்டால் அல்லது புதிய பிரேக் எண்ணெயால் மட்டுமே கழுவ வேண்டும். ஐந்நூறு ரூபா மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் பாகமும் அப்படியே. புரியோடு கூடிய இந்தப் பாகம் கிரீஸ் இன்றித் தேய்ந்தால் புரி கழன்று சக்கரம் மடிந்து விழும். கிரீஸ் அடித்து மூடிவிட்டுச் "சரி" என்று சொல்லக்கூடாது. சக்கரத்தை ஜாக்கில் தூக்கி ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு. கடைக்காரர்கள் ஓடர் கொடுக்கும்போது இதைக் கேட்டு எழுதிக்கொள்ளவும்.

உலோகம் தெரிந்து கழுவுங்கள்

சுத்தம் செய்வது பையன்மாரின் வேலை என்று விட்டுவிடுவது எமது கராஜ்களின் பழக்கம். ஆனால் மாற்ற முடியாத பாகங்கள் அதிகம் நாசமாவது கழுவும் தொட்டியில்தான்.

இரும்பிலுள்ள துருவுக்கு எலுமிச்சை உப்புக் கரைசல் மலிவானது, நல்லது. சலவைச் சோடாக் கரைசலில் பட்டரி சார்ஜர் கொண்டு துருவை எடுக்கும் முறையும் உண்டு. பாகத்தை நெகட்டிவ் முனையிலும், கழிவு இரும்புத் துண்டொன்றைப் பொசிட்டிவ் முனையிலும் பூட்ட வேண்டும். துருப்பிடிக்காத எவர்சில்வர் துண்டைப் போடக்கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். இந்த வேலையில் ஐதரசன் வாயு வெளிவரும் என்பதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும், பீடி சிகரெட் அருகில் வரக்கூடாது. கழுவி எடுத்த இரும்பை அன்றைக்கே காயவைத்து அடிப்பூச்சு அடித்துவிடுங்கள். நுவரெலியாப் பனியில் ஒரு இரவு கிடந்தால் மறுநாள் காலையில் மீண்டும் செந்நிறமாகத் துரு படிந்திருக்கும்.

அலுமினியத்தைக் கோஸ்டிக் சோடாவில் போடவே கூடாது. அது அழுக்கோடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிடும். காபரேட்டர் உடல் இப்படித்தான் பாழாகிறது. காபரேட்டரின் பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி பெற்றோல் குடிக்கும். காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்பிரிங், கடினமாக்கிய போல்ட் போன்றவற்றைக் கடும் அமிலத்தில் ஊறவைத்தால் உலோகம் உள்ளே நொறுங்கும் தன்மை பெறும். வெளியே பளிச்சென்றிருக்கும், பாரம் ஏறும்போது முறியும். மணலடித்தல் செஸிக்கு நல்லது. மெல்லிய கதவுத் தகட்டுக்கு அடித்தால் தகடு நெளியும். எஞ்சின் உட்பாகத்துக்கு அருகிலும் அதைக் கொண்டுபோக வேண்டாம், ஒரு மணல் துகள் பெயாரிங்கைத் தின்ன போதும்.

லேண்ட்ரோவரில் இன்னொரு ஏமாற்று உண்டு. உடல் அலுமினியம், துருப்பிடிக்காது. செஸியோ பெட்டி வடிவ இரும்பு, உள்ளிருந்து உக்கும். வெளியே கழுவிப் பெயின்ட் அடித்தால் புதுவாகனம் போல நிற்கும். விலைக்கு வாங்குமுன் சிறு சுத்தியலால் செஸியை நெடுகத் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் கேட்கும் இடத்தில் இரும்பு இல்லை, துருதான் இருக்கிறது.

ரேடியேட்டர் விடயத்தில் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பிரஷர் மூடி இல்லாத பழைய ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தால், ஏற்றத்தில் ஆவி கக்குவது நிச்சயம். கழற்றி, தலைகீழாகத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்வது முதல் வேலை. அதன் பிறகே புதிய கோர் போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

எஞ்சினின் தலையைக் கழற்றினால் வால்வ் இருக்கைகளையும் பாருங்கள். ஈயம் கலந்த பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட எஞ்சின்கள் இவை. 2002இல் எமது நாட்டில் ஈயப் பெற்றோல் ஒழிந்தது. ஏற்றத்தில் பாரத்தோடு ஓடும் எஞ்சினில் இருக்கை வேகமாகத் தேயும். தலை கையில் இருக்கும்போதே கடினமான இருக்கை போட்டுவிடுவது சிக்கனம்.

புரியும் மின்சாரமும்

மொரிஸ் மைனரில் பெரும்பாலும் யூ.என்.எஃப். புரி. பழைய லேண்ட்ரோவரில் பி.எஸ்.எஃப். போன்ற பிரித்தானியப் புரிகளும் கலந்து வரும். இன்று கடையில் எளிதாகக் கிடைப்பது மில்லிமீற்றர் புரி. பதினாறில் ஐந்து அங்குல போல்ட்டின் குறுக்களவு 7.94 மில்லிமீற்றர். எட்டு மில்லிமீற்றர் போல்ட் அதன் வாயில் ஏறும். ஆனால் புரியின் இடைவெளி வேறு. ஸ்பேனரால் வலிந்து ஏற்றினால் மாற்ற முடியாத பழைய பாகத்தின் புரி அழிந்துவிடும். ஆகவே நல்ல பழைய போல்ட்டுகளைச் சுத்தம் செய்து, பெயர் எழுதிய பைகளில் போட்டு வையுங்கள். கடைக்காரருக்கும் இதில் வாய்ப்புண்டு. யூ.என்.எஃப்., பி.எஸ்.எஃப். போல்ட் நட்டுகளைப் பிரித்து அடுக்கி வைத்திருக்கும் கடையைத் தேடிப் பஞ்சிகாவத்தை வரை போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பட்டரியின் பொசிட்டிவ் முனையே உடலோடு பூட்டப்பட்டிருக்கும். இது தெரியாமல் இன்றைய முறையில் ரேடியோவைப் பூட்டினால் அது அந்த நொடியே எரியும்.

உயிருக்கு ஆபத்தான மூன்று பழக்கங்கள்

ஒன்று, பிரேக் டிரம்மில் படிந்த தூசியைக் கொம்பிரஸரால் ஊதுவது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் உண்டு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இரண்டு, காலியான பெற்றோல் டாங்கியை வெல்டிங் செய்வது. நிரம்பிய டாங்கியைவிட ஆவி நிறைந்த காலி டாங்கி ஆபத்தானது. பல முறை கழுவி, தண்ணீர் நிரப்பாமல் சுவாலையை அருகில் கொண்டுபோகக் கூடாது.

மூன்று, குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரை அடித்துவிட்டு, அது உலருமுன் வெல்டிங் செய்வது. அதன் ஆவி சூட்டில் ஃபொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. கிளீனர் விற்கும் கடைக்காரர் டின்னில் உள்ளதை வாசித்து வாடிக்கையாளரிடம் சொல்வது கடமை.

கணக்கும் நம்பிக்கையும்

இனி வியாபாரக் கணக்கு. திருத்துவதா, புதியதா என்ற இடத்தில் நான் பின்பற்றும் விதி எளிது. புதிய பாகம் கடைக்கு வந்து சேரும் விலை 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பழையதைத் திருத்தக் கூலியும் சாமானும் 20,000 ரூபாவைத் தாண்டினால் புதியதே இலாபம். திருத்திய பாகம் மீண்டும் பழுதாகி வந்தால் இரண்டாவது கூலியை நீங்கள்தான் சுமக்க வேண்டும். ஆனால் புதியது என்று வருவதெல்லாம் பொருந்தாது. பிரித்தானியாவில் மைனருக்கும் லேண்ட்ரோவருக்கும் இன்றும் புதிய பாகங்கள் தயாராகின்றன, தரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே புதியதைப் பூட்டி ஓட்டிப் பார்க்கும்வரை பழையதை எறியாதீர்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பருக்கு ஆயுள் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்து வருடத்துக்குத் தேவையான ரப்பர் கிட் வாங்கி அடுக்கினால் பாதி தட்டிலேயே காய்ந்துபோகும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்யப்பட்டது என்று பொருள். வாங்கும்போதும் விற்கும்போதும் அதைப் பாருங்கள்.

கராஜ்காரர்கள் மொத்தத் தொகை ஒன்றைச் சொல்லி வேலையை ஏற்க வேண்டாம். பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். முதலில் கழற்றிப் பார்க்கும் கூலியை மட்டும் பேசுங்கள். கழற்றிய பின், சுத்தம் செய்தவை, திருத்தியவை, மாற்றியவை என்று மூன்று நிரல் போட்ட தாளில் ஒவ்வொரு பாகத்தையும் எழுதி, விலை போட்டு, உரிமையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு அவரிடமே கொடுங்கள்.

எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்திலும் அது திருத்தப்பட வேண்டும். செஸி இலக்கம் பொறித்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டால், இலட்சக்கணக்கில் செலவழித்த வாகனம் விற்க முடியாத இரும்பாகிவிடும். வேலை தொடங்குமுன் அந்த இடத்தைப் படமெடுத்து, டேப் ஒட்டி மூடுங்கள்.

திருத்திய பாகத்தைப் புதியது என்று சொல்லி விற்கும் ஆசை இந்தத் துறையில் அதிகம். பெயின்ட் அடித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். குறையை மறைத்து விற்பது பற்றி எமது மார்க்கம் சொல்வதை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. வியாபாரக் கணக்கிலும் அது பிழையே. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்தினர். ஒருவர் ஏமாந்தால் அந்தச் செய்தி ஒரு வாரத்தில் தலவாக்கலை முதல் கொழும்பு வரை போய்விடும். மூன்று நிரல் தாளை ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுப்பவரைத் தேடி, மறு வருடம் அடுத்த வாகனம் தானாக வரும்.